காய்ந்த துணியோடு ஒரு புருஷன்

பச்சையம்மா நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? சினிமாவுக்குக் கூட்டிப் போ என்று ஒரு நாளாவது நச்சரித்தாளா? கிடையாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் காய்ந்த துணியோடு வீட்டுக்கு வருகிற புருஷன் வேண்டும். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருந்த அவர்கள் குப்பத்தில் மற்ற எதுவும் கிடைத்துவிடும், அது மட்டும் கிடைக்காது. அங்கே ஆண்பிள்ளை என்றால் விடியும் முன்னே ஏரியில் இறங்குவான், பொழுது சாயும்போது இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட வந்து நிற்பான். அப்படித்தான் அவள் அப்பா வந்தார். அப்படித்தான் அவள் அண்ணன் மணவாளனும் வந்துகொண்டிருந்தான், முகத்துவாரத்தில் படகு கவிழும் வரைக்கும்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்து போட்ட அன்று யாரோ ஒரு புண்ணியவான் அவன் தலைத்துண்டைப் பிழிந்து கொடியில் காயப் போட்டுவிட்டுப் போயிருந்தான். பழக்க தோஷம், வேறென்ன! ஊரே மாரடித்து அழுகிறது, அந்தத் துண்டு மட்டும் அது பாட்டுக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. பச்சையம்மாவுக்கு மற்றதெல்லாம் மங்கிப் போனாலும் அது மங்கவில்லை. அன்றைக்கே அவள் மனதில் முடிச்சுப் போட்டுவிட்டாள். அவள் புருஷன் துலுக்காணத்தைத் தண்ணீரிலிருந்து கரையேற்றாமல் விடுவதில்லை என்று.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்ளுக்காட்டையெல்லாம் வெட்டித் தள்ளி ஃபாக்டரிகள் கட்ட ஆரம்பித்தார்கள். பொன்னேரி மார்க்கெட்டில் இறால் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தால் பேச்செல்லாம் அதுதான். இந்த ஊர்க்காரன் அங்கே சேர்ந்துவிட்டான், அந்த ஊர்க்காரன் இங்கே சேர்ந்துவிட்டான் என்று. பச்சையம்மா காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள். இரும்புக் கம்பி தயார் பண்ணுகிற ஃபாக்டரி ஒன்றில் உடம்பு உரமான ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்த அன்றே கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"எனுக்கு இன்னாமே தெரியும் ஃபாக்டரிய பத்தி? நானு பேன்ட்டே போட்டதில்ல" என்றான் துலுக்காணம்.

"போட்டுக்கினு பொறந்தவன் யாருய்யா? போட்டா எல்லாம் தெரியும்."

துலுக்காணம் சண்டைக்காரன் இல்லை. பெண்டாட்டி எதற்காக அழுகிறாள் என்று சொல்லாமலே தெரிந்துகொள்கிற ஜாதி. அடுத்த நாளே போனான். தோள்பட்டையைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் லுங்கியைப் பார்த்துவிட்டு ஃபோர்மேன் வீரராகவன் குதித்தார். கவரைப்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்து மனிதர் அவர். நல்லவர்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். "லுங்கியோட உள்ள வந்தியானா மெஷின் லுங்கியையும் இழுக்கும், உன்னையும் இழுக்கும். காக்கி பேன்ட், நீலச் சட்டை. அதைப் போட்டுக்கிட்டு வா. இப்ப நீ டெம்பரவரி. ஒழுங்கா இருந்தா பெர்மனென்ட் ஆக்கறது என் பொறுப்பு. பெர்மனென்ட் ஆகற வரைக்கும் துணி உன் செலவு."

பெர்மனென்ட்! அந்தச் சொல்லைப் பச்சையம்மா அன்று முழுவதும் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இருந்தாள். பெரியபாளையத்துப் பவானியம்மனிடம் வேண்டுதலும் வைத்துவிட்டாள். புருஷன் பெர்மனென்ட் ஆனால் வேப்பிலையையே வேப்பஞ்சேலையாக உடம்பில் கட்டிக் கோயிலைச் சுற்றி வருகிறேன் தாயே என்று. துலுக்காணம் சிரித்தான். "எனுக்குப் பேன்ட்டு சட்டை, உனுக்கு வேப்பெலையாமே? நல்லா கீதே நாயம்."

"என் சாமிக்கும் எனுக்கும் உள்ளது. நீ கம்முனு இரு."

ஓரகத்தி தாயாரம்மாள் சும்மா இருப்பாளா? துலுக்காணத்தின் அண்ணன் மனைவி, பக்கத்துக் குடிசை, நாக்கு மட்டும் ஏரி நீளம். "இன்னா வேலையாம் கொயுந்தனாருக்கு?" என்று கேட்டாள். கம்பி எடுத்து அடுக்குகிற வேலை என்று பச்சையம்மா சொன்னதுதான் தாமதம், "கம்பி எண்ணப் போறாரா? அதுக்கு எதுக்குடி பேன்ட்டு, அங்க அவங்களே துணி குடுப்பாங்களே!" என்று குப்பம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். பதில் சொல்ல நாள் வரும் என்று பச்சையம்மா மனதில் வைத்துக்கொண்டாள்.

பொன்னேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் யேசுதாஸ் மாஸ்டரின் தையல் கடை. நேராக நில்லுப்பா என்றால் துலுக்காணம் காலை அகட்டி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கிறான். படகில் நிற்கிறவன் நிற்கிற நிலை அது, தரையில் நின்றாலும் மாறாது. "காலைச் சேர்த்து நில்லுய்யா, கடை கவுந்துடாது" என்று மாஸ்டர் அதட்டினார். பிறகு ஊரெல்லாம் அப்போது பைத்தியமாக இருந்த பெல்பாட்டத்தைப் பற்றி எடுத்து விட்டார். கீழே இவ்வளவு அகலம் வைக்கலாம், மெட்ராஸ்காரன் தோற்றுப் போவான் என்று கையை விரித்துக் காட்டினார்.

பச்சையம்மா அந்த அகலத்தைப் பார்த்தாள். "கணுக்காலாண்ட எதுக்கு மாஸ்டர் இம்மாந் துணி? வலை வீசவா? அத்த மேல வையுங்க. எங்க ஊட்டுக்காரு குந்துவாரு, குனிவாரு. பின்னாடி தாராளமா வுடுங்க."

அந்த அறிவு மாஸ்டருக்கு முதலில் ஏறவில்லை. அவர் அவருடைய கணக்கில்தான் தைத்துக் கொடுத்தார். முதல் நாள் ராத்திரி பேன்ட்டை மாட்டிக்கொண்டு துலுக்காணம் சாப்பிட உட்கார முடியாமல் தூணைப் போல நின்றுகொண்டே சோறு தின்றான். பச்சையம்மா அடுத்த நாளே அதை எடுத்துப்போய்ப் பிரித்துப் போட வைத்தாள். அப்புறம் தைத்த ஒவ்வொரு பேன்ட்டுக்கும் மாஸ்டர் தானாகவே பின்பக்கம் தாராளமாக விட்டார்.

சட்டையில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு வந்தது. அவள் அரைக்கை போதும் என்றாள், வெயிலில் வெந்து போவான் என்று. அவன் முழுக்கைதான் வேண்டும் என்றான். துணியும் கெட்டி நூல் துணிதான், டெரிலின் கலந்த எதுவும் வேலைக்கு ஆகாது என்றான். எந்த விஷயத்துக்கும் தலையை ஆட்டுகிற மனுஷன் அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றான். ஃபாக்டரியில் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஆகவில்லை, ஆபீசர் மாதிரி முழுக்கை கேட்கிறது பார் என்று பச்சையம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. போகட்டும், ஆசைப்படுகிறான் என்று விட்டுக்கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஒரே ஒரு செட்டை வைத்துக்கொண்டு ஆரம்பித்த நாட்களில் ராத்திரி துவைத்தது காலையில் ஈரமாகவே இருக்கும். அதையே மாட்டிக்கொண்டு போவான். போகும்போதே ஈரம்! இதற்கா இவ்வளவு பாடு பட்டோம் என்று பச்சையம்மாவுக்கு வயிறு எரிந்தது. அவளுக்குத் துணிக்கடைப் படிப்பெல்லாம் கிடையாது, வலைப் படிப்புதான் உண்டு. குப்பத்தில் ஒரு வலையை நம்பி எவனும் குடும்பம் நடத்தமாட்டான். ஒன்று தண்ணீரில் இருக்கும், ஒன்று காய்ந்துகொண்டிருக்கும், ஒன்று கிழிசல் பார்ப்பதற்குக் கையில் இருக்கும். புருஷன் துணியையும் அப்படியே வைத்துக்கொண்டாள். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, மடிப்பில் ஒன்று. நல்ல இறால் பட்ட நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் துணி எடுத்துச் சேர்த்து வேலைக்கு மூன்று செட் ஆக்கிவிட்டாள். எந்தச் சட்டையை எடுத்தாலும் எந்த பேன்ட்டோடும் சேர வேண்டும், காலையில் அவன் இருட்டில் கையை விட்டு எடுத்தாலும் தப்பு வரக்கூடாது. இந்தக் காலத்தில் இதையே பெரிய வித்தையாகப் பேசுகிறார்கள். அவள் சத்தம் போடாமல் ஒரு தகரப் பெட்டிக்குள் செய்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி. அதற்கு ஒரு வெள்ளை டெரிலின் சட்டை, சாம்பல் கலரில் ஒரு பேன்ட். துவைத்து உதறினால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம். பெரியபாளையம் போகவும், கல்யாணம் காட்சிக்கும், முடிவெட்டிக்கொள்ள இக்கரைக்கு வரவும் அதுதான். துலுக்காணம் அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குப்பத்து மணலில் நடந்தால் பச்சையம்மா அடுப்படியிலிருந்து ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வெளியே வந்து பார்ப்பாள். என்ன அழகு! அவள் புருஷன்தானே, பார்த்தால் என்ன?

இதற்கு நடுவில் பூட்ஸ் கதை ஒன்று. ஏரிச் சேற்றில் விரல் விரிந்து வளர்ந்த கால் அவனுக்கு. பூட்ஸ் கடித்துக் கொப்புளம் கொப்புளமாக வந்தது. பச்சையம்மா படகுக் கட்டைக்குப் பூசுகிற மீனெண்ணெயை எடுத்துப் பூட்ஸுக்குள்ளும் வெளியேயும் ஊற ஊறத் தேய்த்தாள். தோல் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் காலைக் கடிக்கவில்லை. ரயிலில் மட்டும் துலுக்காணம் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போய்விடுவான். "பரவால்லமே, கால நீட்டிக்கினு குந்தலாம்" என்று வந்து சொன்னான். பச்சையம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. படகுக்கு ஆவது புருஷனுக்கும் ஆகும் என்று அவள் முடிவு பண்ணியது அங்கேதான். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஐப்பசி மாதம். வர்ற திங்கட்கிழமை மெட்ராசிலிருந்து பெரியவர் வருகிறார், ஆட்களை நேரில் பார்த்துப் பெர்மனென்ட் யார் யார் என்று முடிவு செய்யப் போகிறார், எல்லாரும் சுத்தமாக வாருங்கள் என்று வீரராகவன் சொல்லி அனுப்பியிருந்தார். துலுக்காணம் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முடிவெட்டிக்கொள்ள இக்கரைக்குப் போனான். அந்த நேரம் பார்த்துத் தாயாரம்மாள் வீட்டு வாசலில் பெரிய அண்டாவில் மரப்பட்டை போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் முழு மூச்சாகப் பிடிக்கும் முன்னே நூல் வலையை அந்தச் சாற்றில் முக்கி எடுப்பது வழக்கம். பட்டைச் சாறு ஏறினால் உப்புத் தண்ணீரில் நூல் இற்றுப் போகாது, விறைப்பாக நிற்கும், காலத்துக்கும் உழைக்கும்.

பச்சையம்மா அண்டாவைப் பார்த்தாள். கொடியில் தொங்கிய மூன்று செட்டையும் பார்த்தாள். வியர்வையும் உப்புதானே? உப்பு பட்டால் நூல் இற்றுத்தானே போகும்? நாளைக்குப் பெரியவர் பார்க்கும்போது சட்டை தொளதொளவென்று தொங்காமல் விறைப்பாக நின்றால் எப்படி இருக்கும்! மூன்றையும் உருவிக்கொண்டு போய் அண்டாவில் போட்டுக் கோலால் அமுக்கினாள். தாயாரம்மாள் கூடத் தடுக்கவில்லை. "ஆமா, வெறப்பா நிக்கும்" என்று அவளும் ஒரு பிடி பட்டையை அள்ளிப் போட்டாள். குப்பத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

வெளியே எடுத்தபோது காக்கியும் இல்லை, நீலமும் இல்லை. மூன்று செட்டும் ஒரே நிறம், பழைய புளி நிறம். காயக் காய இன்னும் கறுத்தது. பச்சையம்மா நல்ல தண்ணீரில் அலசினாள், சோப்புப் போட்டாள், கல்லில் அடித்தாள். பட்டைச் சாயமா போகும்? போகக்கூடாது என்றுதானே முக்குகிறார்கள்! கையெல்லாம் சிவந்து, துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

துலுக்காணம் வந்து பார்த்தான். பிறகு ஒரு சட்டையை எடுத்து மணலில் நிறுத்தினான். அது தானாகவே நின்றது. "வெறப்பாதான் கீது" என்றான்.

"திட்டுய்யா. ரெண்டு போடு போடுய்யா. வாயத் தொறந்து எதுனா சொல்லு."

"இன்னாத்த சொல்றது? நாளைக்கி போட்டுக்கினு போறேன், அவ்ளோதான்."

"அந்த வெள்ளச் சட்டைய போட்டுக்கினு போய்யா. ஒரு நாளைக்கித்தானே!"

"அது வேலைக்கி ஆவாதுமே." அதோடு விட்டான். ஏன் ஆகாது என்று அப்போதும் சொல்லவில்லை.

விடியற்காலை அந்தப் புளி நிறச் சட்டையும் பேன்ட்டும் கரகரவென்று சத்தம் போட அவன் படகேறிப் போனான். பச்சையம்மாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பெரியவர் பார்ப்பார், இது என்ன கோமாளி வேஷம் என்பார், பெர்மனென்ட் போச்சு. அப்புறம் மறுபடி ஏரி, மறுபடி ஈரம். அந்த நினைப்பு வந்ததும் எழுந்தாள். வெள்ளைச் சட்டையையும் சாம்பல் பேன்ட்டையும் மடித்துப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த படகு, அப்புறம் பஸ், அப்புறம் பொன்னேரியில் ரயில் என்று பிடித்துக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தாள். எப்படியாவது உள்ளே கொடுத்தனுப்பி மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும், அதுதான் அவள் எண்ணம்.

ஃபாக்டரி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நாலைந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஜோராக உடுத்தியிருந்தார்கள். பளபளவென்று டெரிலின் சட்டை, பூப்போட்ட சட்டை, ஒருவன் பெல்பாட்டம்கூட. முகம் மட்டும் செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"அண்ணே, இவங்க ஏன் இங்க குந்திக்கினு கீறாங்க?" என்று வாட்ச்மேன் முனுசாமியைக் கேட்டாள்.

"உள்ள வுடலம்மா. ஃபோர்மேன் துரத்திட்டாரு. பெரியவரு வேற அப்பதான் கார்லேர்ந்து எறங்கறாரு, இவனுங்களுக்கு இன்னிக்கி நாளு சரியில்ல."

இவ்வளவு அழகாக உடுத்தினவனுக்கே இந்தக் கதி என்றால், புளிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு போனவனை என்ன செய்திருப்பார்கள்? பச்சையம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். "எங்க ஊட்டுக்காரரு துலுக்காணம் உள்ள கீறாருண்ணே. இந்த மூட்டைய மட்டும் குடுத்துடுண்ணே, உனுக்குப் புண்ணியமா போவும்." முனுசாமி மாட்டேன் என்கிறான், இவள் விடுகிறதாக இல்லை. சத்தம் கேட்டு வீரராகவனே வெளியே வந்துவிட்டார்.

"யாரும்மா நீ? மூட்டையில என்ன?"

"துலுக்காணத்து சம்சாரம் சாமி. அவுரு மேல தப்பே இல்ல, நான்தான் அந்தத் துணிய வலைச் சாயத்துல முக்கிட்டேன். எனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. இந்த வெள்ள டெரிலின் சட்டைய குடுத்துடுங்க சாமி, மாத்திக்கினு நிப்பாரு."

"டெரிலினா!" வீரராகவன் போட்ட சத்தத்தில் மரத்தடி ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "நீயும் டெரிலினா? இவனுங்களை எதுக்கு வெளியே உட்கார வச்சிருக்கேன்னு நினைக்கிற? பெரியவர் வர்றார்னு மாப்பிள்ளை மாதிரி டெரிலின் மாட்டிக்கிட்டு வந்திருக்கானுங்க. உள்ளே கம்பி நெருப்பா ஓடுது, தாயே! சிவப்பா, பாம்பு மாதிரி ஓடுது. பொறி பறக்கும். நூல் துணியில பட்டா ஓட்டை விழும், உதறிட்டா போச்சு. டெரிலின்ல பட்டா உருகி உடம்போட ஒட்டிக்கும். போன மாசம் ஒருத்தனுக்குத் தோலோட உரிச்சு எடுத்தோம். உன் வீட்டுக்காரன் சொல்லலே?"

பச்சையம்மா நீட்டிய மூட்டையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அவனுடைய முழங்கையில் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது ஞாபகம் வந்தது. மெஷின் எண்ணெய் பட்டது என்றும், சட்டையில் விழுந்த பொடி ஓட்டைகள் கம்பி குத்தியது என்றும் சொல்லியிருந்தான். அவளும் நம்பிவிட்டாள். நம்பத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. முழுக்கை கேட்டது, கெட்டி நூல் துணி கேட்டது, வெள்ளைச் சட்டை ஆகாது என்றது, எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஆபீசர் ஆசை என்று சிரித்தோமே! தண்ணீருக்குப் பயந்து இழுத்து வந்தவளிடம் இங்கே நெருப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வான் அந்த மனுஷன்?

"இப்ப அவுரு எங்க சாமி?" என்று கேட்டாள்.

"எங்கே இருப்பான்? வேலை செய்யறான்." வீரராகவனுக்குக் கோபம் இறங்கி, உதட்டோரம் சிரிப்பு வந்தது. "காலையில அவனை அந்த நிறத்துல பார்த்ததும் அறையலாம்னுதான் போனேன். அதுக்குள்ள பெரியவர் வந்துட்டார். சட்டையைத் தொட்டுப் பார்த்தார். என்னப்பா இதுன்னார். உன் வீட்டுக்காரன் கையைக் கட்டிக்கிட்டு சொல்றான்: 'ரொம்ப நாளு ஒயைக்கணும்னு நெனைக்கிறதத்தான் சார் எங்க ஊர்ல இதுல முக்குவாங்க. நான் இங்க ரொம்ப நாளு இருக்கணும்னு என் சம்சாரம் முக்கிட்டா.' பெரியவர் சிரிச்சார் பாரு, அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. பேரை எழுதிக்கிட்டார். போம்மா, போய் சாமிக்கு என்ன வேண்டிக்கிட்டியோ அதைச் செய்."

பெர்மனென்ட் ஆகிவிட்டது. எந்தச் சொல்லுக்காக அத்தனை நாளும் உயிரை வைத்துக்கொண்டிருந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. ஆனால் பச்சையம்மா சிரிக்கவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த டெரிலின் சட்டைக்காரர்களோடு மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். வேலை முடிந்து சங்கு ஊதுகிற வரைக்கும் நகரவில்லை.

துலுக்காணம் வெளியே வந்து அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, விறைத்த சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுப் பார்த்தாள். பழைய புள்ளிகளுக்கு நடுவில் புதிதாக ஒன்று சிவப்பாக இருந்தது.

"எண்ணெயாய்யா இது? பாவி! தண்ணியிலேர்ந்து தூக்கி நெருப்புல தள்ளிட்டேனேய்யா உன்ன!"

அவன் சட்டைக் கையை மெதுவாக இறக்கிக்கொண்டான். "தண்ணி எப்ப நிக்கும் சொல்லு? அதுக்கு நேரம் கீதா, காலம் கீதா? இங்க சங்கு ஊதினா நெருப்பு நின்னுடுதுமே. அத்தோட அந்த ஃபோர்மேன் கத்தற கத்துக்கு ஒரு பொறி கிட்ட வரமுடியாது."

"ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். ரயிலில் வரும்போது எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த சட்டைக்குக் கையை இன்னும் இரண்டு விரல் நீளம் வைக்கச் சொல்ல வேண்டும், கழுத்து வரைக்கும் பொத்தான் வைக்கச் சொல்ல வேண்டும். டெரிலினை வேலைத் துணி வைக்கிற பக்கத்தில்கூட வைக்கக்கூடாது, பெட்டியில் அந்த ஓரமாக, தனியாக.

பழவேற்காட்டில் படகேறும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? ஐப்பசி மழை. அக்கரை போய்ச் சேருவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். பட்டைச் சாயம் ஏறிய துணி கனத்து, துலுக்காணத்தின் உடம்பெல்லாம் தண்ணீர் ஒழுகியது. படகிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்தவனைப் பச்சையம்மா பிடித்து நிறுத்தினாள். காலையிலிருந்து மார்போடு அணைத்திருந்த பிளாஸ்டிக் மூட்டையை நீட்டினாள்.

"மாத்திக்கோ."

"இன்னாமே இது, ஊடு இதோ கீது! நாலு எட்டு."

"மாத்திக்கோய்யான்றேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கரையோரம் இருந்த வலைக் கொட்டகைக்குள் நுழைந்து மாற்றிக்கொண்டான். வெள்ளை டெரிலின் சட்டை, சாம்பல் பேன்ட். அவள் கொட்டகையில் கிடந்த ஒரு பனையோலைக் குடையை எடுத்து அவன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்துகொண்டே கூட நடந்தாள்.

தாயாரம்மாள் வாசலில் நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்தாள். மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டாள்: "இன்னாடி, திங்கக்கெழமையும் அதுவுமா வெள்ளச் சட்டை? இன்னிக்கி ஞாயித்துக்கெழமையா?"

பதில் சொல்லும் நாள் வந்துவிட்டது. ஆனால் எடுத்து வைத்திருந்த பதில்களையெல்லாம் பச்சையம்மா அப்படியே விட்டுவிட்டாள். நனைந்த கையால் புருஷன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"ஆமாக்கா" என்றாள். "எங்க ஊட்ல இன்னிக்கி ஞாயித்துக்கெழமதான்."